பூட்டைத் திறந்த வெங்கிடராமய்யர்

மட்டாஞ்சேரி வெங்கிடாசலய்யரின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஒரு கள்ளனும் பிறந்ததில்லை. அப்படியொரு சந்தேகத்தை யாரும் கிளப்பியதில்லை என்றாலும், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவரே இதைச் சொல்லிவிடுவார். சொல்லும்போது, ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

சாட்சிக்குக் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அவருடைய அப்பா வெங்கிடராமய்யர். பஜாரில் ஒரு மிளகுப் பண்டகசாலையின் சாவிக்கொத்தை முப்பத்தொரு வருஷம் இடுப்பில் செருகியிருந்தவர். சாயங்காலம் கதவைப் பூட்டுமுன் வாசற்படியில் நின்று வேஷ்டியை நன்றாக உதறிவிட்டுத்தான் வெளியே வருவார். மடிப்பில் ஒரு மிளகு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது முதலாளியுடையது அல்லவா?

இரண்டாவது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சிறு அட்டை. இங்கிலாந்திலிருந்து வந்தது. ‘ஏழு நிலவறைகள்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை, கள்ளன் ஒருவனையும் துணைக்குச் சேர்க்காமல் ஆடி முடித்ததாக எழுதித் தெரிவித்த திரு. வெங்கிடாசலத்தைப் பாராட்டுகிறோம் என்று, அதைச் செய்து விற்ற கம்பெனியார் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்தது எண்பத்து நாலில். பஹ்ரைனில் வேலை பார்த்த தம்பி நீலகண்டன், பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் அண்ணாவுக்குப் பொழுது போகட்டும் என்று, வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு யந்திரத்தைக் கொண்டுவந்து டெலிவிஷனோடு இணைத்துவிட்டுப் போனான். பாட்டு கேட்கிற டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் ஆயிரம் காக்கைகள் சண்டை போடுவது போலச் சத்தம் வரும். அது அடங்கியதும் விளையாட்டு தொடங்கும்.

நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மலைக்கு அடியில் இறங்கி, காணாமல் போன ராஜமுத்திரையை மீட்டு வரவேண்டும். நால்வருக்கும் பெயரும் தொழிலும் ஆடுகிறவரே கொடுக்க வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் வாய்க்கு வந்த பெயரை வைத்திருப்பார்கள். வெங்கிடாசலய்யருக்கு அது சரியாகப் படவில்லை. முன்பின் தெரியாதவர்களை நம்பி இருட்டுக்குள் எப்படி இறங்குவது? விடுகதைகளை அவிழ்க்கும் பண்டிதராக அப்பாவை வைத்தார். காயத்துக்கு மருந்து போட மனைவி கனகாம்பாள். வில்லாளியாகத் தம்பி நீலகண்டன். கோடரிக்காரனாகச் சிகாபுதீன் ராவுத்தர். ராவுத்தர் மிளகுத் தரகர். தினமும் மத்தியானம் ஒரு சாயாவுக்கு வந்து உட்காருகிற சிநேகிதர். “என்னைச் சேர்க்காம போனா சாமிக்கு வழி தெரியாதாக்கும்” என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

கள்ளன் இல்லாமல் மூன்றாம் நிலவறையைத் தாண்ட முடியாது என்று விளையாட்டோடு வந்த சிறு புத்தகம் சொன்னது. அதைக் குடும்பத்துக்கு விடுத்த சவாலாகவே அவர் எடுத்துக்கொண்டார். பூட்டியிருந்த கதவை எல்லாம் ராவுத்தரின் கோடரியால் உடைத்தார். இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் திரையில் படம் கிடையாது; கறுப்பில் பச்சை எழுத்துகள் மட்டும். யாரை நகர்த்துவதானாலும் அவர் பெயரை அடித்து, செய்ய வேண்டியதையும் அடிக்க வேண்டும். கனகாம்பாள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே எழுத்துகளைப் படிப்பாள். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதாகையால், “கேட்டேளா, பெரியவருக்குப் பாம்பு கடிச்சிருக்கு. என்னை அனுப்புங்கோ” என்பாள்.

முதல் பாகத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது அதிலிருந்த மரியாதை. எந்த ஊர் வாசலிலும் காவல்காரன் நிறுத்தி, நீங்கள் யார், எந்த வம்சம் என்று கேட்பான். பதில் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். “வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு பார்” என்று அவர் சந்தோஷப்படுவார்.

நாலு வருஷம் கழித்து, எண்பத்தெட்டு ஓணத்துக்கு நீலகண்டன் இரண்டாம் பாகத்தைக் கொடுத்தனுப்பினான். ஏழு போய்ப் பன்னிரண்டு நிலவறைகள். அதைவிட விசேஷம், பழைய கேசட்டிலிருந்து பழைய நால்வரையும் அவர்கள் சம்பாதித்த பலத்தோடு அப்படியே புதியதற்குள் அழைத்து வரலாம். வெங்கிடாசலய்யர் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காக்கைகள் இரண்டு தடவை சண்டையிட்டு ஓய்ந்தன.

திரையில் வர்ணம் வந்தது. சங்கீதம்கூட வந்தது. நான்கு சிறு பொம்மைகள் வரிசையாக நின்றன. ராவுத்தரின் கோடரி இரண்டு சாண் வளர்ந்திருந்தது. கனகாம்பாளுக்கு நீலப் பாவாடை. கடைசியில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, முதுகைக் கூனி, பூனை மாதிரிக் காலை எடுத்துவைத்து ஓர் உருவம் வந்து நின்றது. அதன் கீழே அப்பாவின் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ‘கள்ளன்’ என்றும் எழுதியிருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். இந்த நாட்டில் இப்போது பண்டிதர்கள் இல்லை என்றது புத்தகம். பழைய பண்டிதர்கள் பூட்டின் சூட்சுமம் அறிந்தவர்களாகையால், பொருத்தம் பார்த்துக் கள்ளராக மாற்றப்பட்டுள்ளனர். பூட்டிய கதவை இனி உடைக்கவும் முடியாது.

டெலிவிஷனை அணைத்தார். சுவரில் இருந்த அப்பாவை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“பொம்மைக்கு ஒரு பேர். அதுக்கு எதுக்கு இத்தனை கோபம்?” என்றாள் கனகாம்பாள்.

“பொம்மையோட பேர் இல்லை அது. அப்பாவோட பேர்.”

“வேறே நாலு பேரை வெச்சு முதல்லேர்ந்து ஆடுங்கோ.”

“அப்பாவை வாசல்லே நிறுத்திட்டு, ஊர் பேர் தெரியாதவனைக் கூட்டிண்டு போகச் சொல்றயா?”

அன்றோடு யந்திரத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் மத்தியானம் வீட்டில் இருந்தால் கண் அங்கேதான் போகிறது. அதனால் சாப்பிட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பஜாரில் ராவுத்தரின் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். அங்கே மிளகுச் சாக்குகளுக்கு நடுவே, மிளகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், இரண்டாம் பாகத்தைப் பற்றியே பேசினார்.

“வர்ணம் நன்னாத்தான் இருக்கு, இல்லைங்கலை. ஆனா ஊர் வாசல்லே ஒருத்தனும் நீ யாருன்னு கேக்கறதில்லை ஓய். கதவு பாட்டுக்குத் திறந்துக்கறது. சத்திரமா அது?”

“அதுக்குள்ள ஊர் வரைக்கும் போனீங்களா சாமி? தொடலேன்னு சொன்னீங்க.”

“புஸ்தகத்தில் போட்டிருக்கு” என்றார் வெங்கிடாசலய்யர், கொஞ்சம் அவசரமாக. “அந்தச் சங்கீதமும் மோசமில்லை. மத்தியமாவதி மாதிரி ஒரு சாயல். ஆனா அப்பாவை…”

ராவுத்தர் சாயாவை ஆற்றினார். “ஞான் ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது. முதல் பாகத்தில நான் அறுபது கதவை உடைச்சேன். அது வீரம். இப்போ உங்க அப்பா சத்தமில்லாம திறக்கப் போறார். அது மட்டும் திருட்டா?”

“நீர் உடைச்சது எல்லாருக்கும் கேக்கற மாதிரி உடைச்சீர். அதிலே ஒளிவுமறைவு இல்லை.”

“அப்போ உங்க அப்பாவையும் கொஞ்சம் சத்தமா திறக்கச் சொல்லுங்க.”

வெங்கிடாசலய்யர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். தலைமைக் குமாஸ்தாவாக இருந்த காலத்து இங்கிலீஷ், மூன்று பக்கம். முதல் பாகத்தின் பெருமையைச் சொல்ல ஒரு பக்கம், இரண்டாம் பாகம் தவறிய இடங்களுக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு ஒரு பக்கம். என் தகப்பனாரை உடனே பண்டிதராகத் திருப்பித் தரவேண்டும், தவறினால் நீங்கள் அனுப்பிய அட்டையைச் சுவரிலிருந்து இறக்கி உங்களுக்கே அனுப்பிவிடுவேன் என்று முடித்திருந்தார். எழுதும்போது இரண்டு தடவை நிமிர்ந்து அட்டையைப் பார்த்தார். இறக்குவது சுலபமாக இருக்கும் என்று தோன்றவில்லை.

சாப்பிட்டதும் கடிதத்தோடு புறப்பட்டார். பாதி வழியில், கம்பெனியின் விலாசம் எழுதியிருந்த காகிதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சங்கீதம் கேட்டது. மத்தியமாவதிச் சாயல்தான்.

கனகாம்பாள் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் நறுக்கி முடித்த வெண்டைக்காய்.

“என்ன பண்ணிண்டிருக்காய்?”

அவள் திடுக்கிடவில்லை. “காய் நறுக்கியாச்சு. செத்தே உட்கார்ந்தேன்.”

அவர் திரையைப் பார்த்தார். நான்காம் நிலவறை. “செத்தே உட்கார்ந்தா நாலு நிலவறை போகுமோ?”

“திங்கட்கிழமையிலேர்ந்து செத்தே செத்தேயா உட்கார்ந்தேன். நீங்கதான் ராவுத்தர் கடைக்குப் போயிடறேளே.”

அவருக்கு வேறொன்று உறைத்தது. “இதிலேயும் பேரை அடிக்காம யாரும் நகர மாட்டாளே. அப்பா பேரை நீ எப்படி…”

“வாயால சொல்லப்படாதுன்னுதான் எங்கம்மா சொல்லிக்குடுத்தா. விரலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை” என்றாள் கனகாம்பாள். முப்பத்தாறு வருஷமாக அவள் வாயில் வராத பெயர் திரையின் அடியில் நாலைந்து வரியாக நின்றது.

வெங்கிடாசலய்யர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பூட்டைத் திறந்தாரா?”

“திறந்தார். ஒன்பது பூட்டு.”

“உள்ளே?”

“பொன்னும் வெள்ளியுமா கிடந்தது. ஒண்ணைத் தொடலை. நான் பக்கத்துலேயே நின்னுண்டிருந்தேனே, எனக்குத் தெரியாதா? திறந்துவிட்டுட்டு ஒதுங்கி நிப்பார்.”

“அப்போ யார் எடுத்தா?”

“ராவுத்தர்.”

இந்தச் சமயத்தில்தான், கடைக்கு வராத சிநேகிதரைத் தேடிக்கொண்டு ராவுத்தர் வாசலில் வந்து நின்றார். கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது.

“எந்தா மாமி இது? உங்க மாமனார் யோக்கியர், நான் மூட்டை கட்டறவனா?”

“நீங்க தரகர்தானே ராவுத்தரே. கைமாறித்தான் ஆகணும்” என்றாள் கனகாம்பாள்.

“அதும் நியாயம்தான்” என்று ராவுத்தர் பாயில் உட்கார்ந்தார். “என் பங்கு எவ்வளவுன்னு மட்டும் பின்னால பேசிக்கலாம்.”

வெங்கிடாசலய்யருக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காட்டுப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூனல் கூனலாகத்தான் இருந்தது. “ஒன்பது அறைக்குள்ளே போய் வந்திருக்கார்” என்றார் மெல்ல. “வெளியே வரும்போது…” கண் சுவரில் இருந்த அப்பாவிடம் போயிற்று.

கனகாம்பாளுக்குப் புரிந்தது. “வேஷ்டியை உதறச் சொல்லி அடிச்சுப் பார்த்தேன். அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுத்து. அதனால ஒவ்வொரு அறைக்கும் வாசற்படியிலே அவரைச் செத்தே நிறுத்தி வெச்சுட்டுத்தான் கூட்டிண்டு வரேன். மத்தவா முன்னாலே போயிடுவா. அவர் மாத்திரம் நிப்பார்.”

வெங்கிடாசலய்யர் கடிதத்தைக் குடையோடு சேர்த்து மூலையில் வைத்தார்.

“தள்ளி உட்காரு” என்றார்.

அவள் வெண்டைக்காயோடு நகர்ந்தாள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். நான்காம் நிலவறையின் மேற்கு மூலையில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். ஆறு முறை முயன்ற பிறகு முகம் சிவந்தது.

“அப்பாவால திறக்க முடியாத பூட்டா?”

“நேத்திலேர்ந்து நானும் பார்க்கறேன்” என்றாள் கனகாம்பாள்.

“வயசாச்சில்லையா சாமி” என்றார் ராவுத்தர். “நல்ல ஒரு கள்ளனைத் துணைக்கு வெச்சுக்கலாமா?”

“அப்பாவுக்கு மேலே ஒரு கள்ளனா?” என்று சீறிய வெங்கிடாசலய்யர், தாம் சொன்னது தம் காதிலேயே விழவும் வாயை மூடிக்கொண்டார். ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைக்கிற பாவனையில் வெகுநேரம் துடைத்தார்.

கடிதம் அன்று போகவில்லை. மறுநாள்தான் போயிற்று. மூன்று பக்கத்தில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. சுவரிலிருந்து அட்டையை இறக்குகிற வரியும் அப்படியே இருந்தது. ஒட்டுவதற்கு முன் கனகாம்பாள் வாங்கிப் பார்த்தபோது, கையெழுத்துக்குக் கீழே புதிதாக நாலு வரி இருந்தது.

“மேற்படி குறை தீரும் வரை என் தகப்பனார் உங்கள் ஆட்டத்தில் தற்காலிகமாகவே பணிபுரிகிறார் என்பதைக் கவனிக்கவும். வாசற்படியில் வேஷ்டியை உதற ஒரு கட்டளை சேர்க்க வேண்டுகிறேன். நிற்க. நான்காம் நிலவறையின் மேற்கு மூலையில் உள்ள இரும்புக் கதவு அவர் கைக்கு இணங்க மறுக்கிறது. அதை எப்படித் திறப்பது என்று மறு தபாலில் தெரிவிக்கவும்.”