கல்யாணத்துக்குக் கொடுத்த கன்று

மலேசியாவில், கிள்ளான் பக்கத்துக் காப்பார் ஊரில் நல்லம்மாளின் வாழைத் தோட்டத்தில் முதல் மரம் மஞ்சளடித்தது, மகள் விஷ்ணுப்ரியாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு. காயை நறுக்கிப் பார்த்தாள். வெளியே நல்ல பச்சை. உள்ளே துருப்பிடித்த மாதிரிச் சிவப்பு. விவசாய இலாகாவின் நம்பர் கைப்பேசியில் இருந்தது. கூப்பிட்டால் ஆட்கள் வந்து தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள், ஊர் வாய்க்கு அவல் கிடைக்கும். நல்ல காரியம் முடியட்டும் என்று அந்த மரத்தை மட்டும் வெட்டிச் சாய்த்தாள், ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டாள். மூளை இல்லாதவளா? இருபது வருஷமாக வாழையோடு பிழைக்கிறவள். கல்யாணம் என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது.

கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் ஆளுக்கொரு வாழைக்கன்று. எல்லாம் அவள் தோட்டத்துக் கன்று, அந்த மரத்தை வெட்டின அதே பாராங் கத்தியால் பெயர்த்தது. கிள்ளான் மண்டபத்திலிருந்து நூற்றுப் பத்துக் கன்றுகள் கார் ஏறிப் போயின. எல்லாரும் மெச்சினார்கள்.

மூன்றே வாரத்தில் அவள் தோட்டத்தில் நாற்பது மரம் தலை தொங்கியது. அப்போதுதான் போன் செய்தாள்.

இலாகாவிலிருந்து வந்த ஹாசிம் அவளைக் கத்தியைக்கூடத் தொடவிடவில்லை.

"வாழைக்கு வர்ற ரத்த நோய் மாதிரி தெரியுது ஆன்டி, வெட்டுற கத்தியிலேயே பரவும். லேப்ல பார்த்துதான் சொல்ல முடியும். தோட்டம் முழுக்க அழிக்க வேண்டி வரலாம்." பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்: "இங்கேருந்து கன்னு ஏதாச்சும் வெளிய போச்சா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் கன்று வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் அவளைப் போலவே வாழையை நம்பிச் சோறு தின்பவர்கள்.

"போச்சு தம்பி. நூத்திப் பத்து."

ஹாசிமின் பேனா நின்றது. "எல்லாருக்கும் போன் போடுங்க ஆன்டி. யாரும் வெட்ட வேணாம், பிடுங்க வேணாம். நாங்க வந்து அழிக்கிறோம்லா."

கல்யாணப் பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பேர் சாலாக் செலாத்தானில் இருக்கும் சம்பந்தி தனலெட்சுமி. வீட்டில் செடி பட்டுப்போனாலும் வந்த மருமகளின் ராசியைப் பேசுகிற மனுஷி. கல்யாணக் கன்றை அழிக்கச் சொன்னால் பழி யார் தலையில் விழும் என்று நல்லம்மாளுக்குத் தெரியாதா?

போனை எடுத்தது விஷ்ணுப்ரியா.

"அம்மா! வாசல்ல நட்ட நம்ம கன்னு இன்னிக்குப் புதுக் குருத்து விட்டிருக்கு. நான் வந்த நேரம்னு அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க!"

"போனை அத்தைகிட்ட குடும்மா," என்றாள்.

"அத்தை, அம்மா பேசறாங்க!" என்று மகள் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போவது கேட்டது.