நானூற்று இருபத்து நாலு புள்ளி ஒன்று

செழியன் கையில் அள்ளிய வாய்க்கரிசியில் பாதி அம்மாவின் கழுத்தோரம் சிந்தியது.

"மெதுவாடா," என்றார் தசரதன் மாமா. பிறகு, மாலையோடு நின்ற விடுதி முதலாளியிடம் திரும்பினார். "இவன்தாங்க எங்க அக்கா புள்ள. மெட்ராஸ்ல வேலை. அமெரிக்காகாரனுக்கு நெஞ்சுல இன்னா கோளாறுன்னாலும் இவன் கைக்கு வந்துட்டுதான் போவணும்."

"தெரியுங்க. மணியம்மா தினம் ஒரு தடவையாவது சொல்லிடுவாங்க," என்றார் முதலாளி.

செழியன் அரிசித் தட்டை அடுத்தவரிடம் நீட்டினான். கூட்டத்தில் யாரோ, "அம்மாவுக்கு இன்னாப்பா ஆச்சு? உனக்குத் தெரியுமே," என்று கேட்டார்கள். காதில் விழாததுபோல் வெளியே வந்து, பாடை கட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்து விடுதியில் மணியம்மாள் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். சித்ரா பௌர்ணமிக்கு அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. நேற்றுக் காலை துவைத்த விரிப்புகளை அணைத்துக்கொண்டு மாடி ஏறியவள் பாதிப் படியில் உட்கார்ந்தாள். இளைப்பாறுகிறாள் என்று நினைத்தவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

செழியனின் வேலை, அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து இன்ஷூரன்ஸ் பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் வாசலில் இருக்கிற வால்வு சுருங்கிப்போனால் நானூற்று இருபத்து நாலு புள்ளி ஒன்று. புத்தகம் பார்க்கத் தேவையில்லை. முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு மார்பு இறுகும், அப்புறம் மயக்கம். அதற்குப் பிறகும் வால்வை மாற்றாதவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அம்மா ஒரு ஸ்கேன் காகிதத்தை நீட்டினாள். இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள். வேங்கிக்காலில் இருக்கும் அக்கா பொன்னிதான் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள்.

"இங்கிலீஷ்ல எழுதிக்கீறாங்க. நீதான் இதெல்லாம் படிப்பியே, பாத்துச் சொல்லு."

மூன்றாவது வரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. 'கடுமையான சுருக்கம்.' உடனே எண் மனசில் வந்தது. அது அத்தனை வேகமாக வந்ததில் ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தபோது உடம்பு கூசியது. அதற்கடுத்து வந்த நினைப்பு லீவைப் பற்றியது. பத்து நாளில் ஆபீஸில் ஆடிட்; போட்ட எண்கள் சரியா என்று பார்ப்பார்கள். தப்பில்லாமல் முடித்தால் டீம் லீடர் ஆகலாம்.

"வால்வு கொஞ்சம் இறுகியிருக்குது. ஒண்ணுமில்லம்மா."

"அப்ப வேலைக்குப் போலாமா?"

"போ. வெயிட்டு மட்டும் ஜாஸ்தி தூக்காத. ஆடிட் முடிஞ்சதும் வந்து உன்ன மெட்ராஸ் இட்டுனு போறேன்."

ஆடிட் முடிந்தது. டீம் லீடரும் ஆனான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி, அது இது என்று மூன்று மாசம் ஓடிவிட்டது. போனில் அம்மா ஒருதடவைகூட ஞாபகப்படுத்தவில்லை.

சுடுகாட்டில் கொள்ளி வைத்துத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். செழியன் கடைசியாக வந்தான். பொன்னி வாசலில் குடத்தைச் சாய்த்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்," என்றாள் தணிந்த குரலில். "அந்த டாக்டரு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாரு. அம்மாவும் நானும்தான் இருந்தோம்."

அவன் நிமிர்ந்தான். "அம்மா என்கிட்ட சொல்லவே இல்ல."

"எம்புள்ளயக் கேட்டுட்டு சொல்றேன்னு எழுந்து வந்துட்டாங்க. நீ ஒண்ணுமில்லன்னதும், பாத்தியாடி, அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலன்னு சிரிச்சாங்க. மறுபடி போலாம்னு எத்தினி தடவை கூப்ட்டேன். தம்பி தினம் நூறு பேர் நெஞ்சப் பாக்குறவன், அவன் சொன்னா சரியாதான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. நானும் விட்டுட்டேன். அதான் கேக்குறேன். அந்த டாக்டரு தப்பா சொன்னாரா?"

உள்ளே மாமா யாருக்கோ காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"டாக்டர் சொன்னதுதான் சரி," என்றான் செழியன். "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா."

பொன்னி கையிலிருந்த குடம் அவன் காலுக்கு மேல் சாய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் அவன் பாதத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டுப் புழுதியில் போய் நின்றது. குடம் காலியான பிறகும் அவள் அதை நிமிர்த்தவில்லை. அவனும் காலை எடுக்கவில்லை.