நாலாவது கயிறு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கயிற்றைப் பற்றி யாராவது பாடம் எடுக்க முடியுமா? முடியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்புதான் அவரைக் கெடுத்தது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர், விரலால் ஒரு தடவு தடவியே கயிறு இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு செப்புக் கம்பியை மரத்துக்கு இழுத்துக் கட்டத் தெரியவில்லை என்றால் சிரிக்காமல் என்ன செய்வது!

அந்தக் கம்பிதான் அவருடைய ஹாம் ரேடியோவுக்கு ஏரியல். ஒரு முனை மாடியில் நட்ட கம்பத்தில். மறு முனை, வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் கோடியில் நிற்கும் பெரிய மரத்தை நோக்கிப் போகும். மரம்வரை கம்பி போகாது, கடைசிப் பத்து மீட்டர் வெறும் கயிறு. அந்தப் பத்து மீட்டர்தான், இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த நாலு வருஷமாக அவர் பிராணனை வாங்கியது.

ஏரியல் எதற்கு என்றால், பன்னுக்காக. கடலுக்கு அந்தப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிற ஒருவர். பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலை ஆறரைக்கு இருவரும் ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. இவர் அவரைப் பன்னு என்பார், அவர் இவரை லிஃப்ட்டு என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருக்கும்.

முதலில் கட்டியது நீல பிளாஸ்டிக் கயிறு. ஏழே மாதத்தில் அறுந்து கம்பி கீழே விழுந்தது. அன்றிலிருந்து பன்னு காலை வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டார். "என்னய்யா லிஃப்ட்டு, கயிறு இருக்கா, போச்சா?" இதுதான் முதல் வார்த்தை. அடுத்தது நைலான். மழையில் நனைந்து நனைந்து நீண்டு, கம்பி தொய்ந்து இரண்டாம் மாடிக்காரர் ஜன்னலை உரசியது. மூன்றாவது முறை இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை செய்கிற இடத்தில் கழித்துப் போட்ட லிஃப்ட் எஃகுக் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கட்டினார். "இது அறுந்தா நான் மீசையை எடுத்துடறேன்யா" என்று சவால் வேறு. அறுந்தால்தானே! அது பாட்டுக்கு ஏரியலுக்குப் பக்கத்தில் இரும்பாக நின்றுகொண்டு சிக்னலில் பாதியைத் தின்றது. "கிணத்துக்குள்ள உக்காந்து பேசறியா?" என்றார் பன்னு. மீசை தப்பியதே என்று இவர் அதை அப்படியே விட்டுவைத்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பன்னுவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. அடுப்புப் புகை என்றார், மாவுத் தூசி என்றார். கடைசியில் ஒருநாள் காலை, கயிற்றைப் பற்றிக் கேட்காமலே பேசினார்.

"லிஃப்ட்டு, குரல்வளையையே எடுக்கணுமாம்யா. உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். பேச்சுதான் போயிடுமாம்."

எதிர்ப்பக்கத்திலிருந்து, "செட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்று வந்ததும் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விப்பே, விப்பே! கையை எடுக்கறாங்களா? கை இருக்குல்ல? மோர்ஸ் கத்துக்கோ. தட்டிப் பேசு."

"இந்த வயசுலயா?"

"மாவு பிசையற கை. மோர்ஸ் கட்டையைத் தட்டத் தெரியாதா?"

ஏழு வாரம் பாடம் நடந்தது. புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஓர் அழுத்து. ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ். பன்னு திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மோர்ஸில் சிரிப்பதென்றால் நாலு புள்ளி, இரண்டு புள்ளி தட்டவேண்டும். 'ஹி' என்று அர்த்தம். "சிரிப்பைக்கூடவா தட்டணும்? போய்யா! சிரிப்பு தானா வரணும். அதை மட்டும் நான் சத்தியமா தட்ட மாட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முந்தின நாள், கரகரத்த குரலில் கடைசியாகச் சொன்னார்: "ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு நானே கூப்பிடறேன். ஒரே ஒரு தடவை. பதில் வரலைன்னா செட்டு வித்தாச்சுன்னு வச்சுக்கோ. என் பிடிவாதம் உனக்குத் தெரியும்ல?"

நன்றாகவே தெரியும். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட மனிதர் சொன்ன சொல்லிலிருந்து இறங்கியதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்த இரண்டாம் வாரம், குடியிருப்பு செக்ரட்டரி படியேறி வந்தார். எஃகுக் கயிறு மரக்கிளையை விரல் ஆழத்துக்கு அறுத்திருக்கிறதாம். உடனே கழற்றியாக வேண்டுமாம். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம். பாவம், மரம் என்ன செய்யும்! கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது, கையில் கயிறு இல்லை.

"அவருக்கு போன்ல மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே?" என்று மனைவி கேட்டாள்.

"தினமும் அனுப்பறேன். கயிறு போச்சுன்னு மட்டும் சொல்லமாட்டேன், அதையே சாக்கா வச்சு செட்டை வித்துடுவான். அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பறான். நல்லா இருக்கானாம். பச்சைப் பொய்! நல்லா இருக்கறவன் அப்படியா வாயை மூடிட்டு இருப்பான்?" சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி அதற்குமேல் வாதாடவில்லை. உள்ளே போய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"தோள்ல பாருங்க. நீலப் பொடி. உங்க முதல் கயிறுல மிஞ்சினதைத்தான் கொடியாக் கட்டியிருக்கோம். நாலு வருஷமா உதிருது. வெயிலுக்கு ஆகாத கயிறுன்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க பலம் பலம்னு ஒரே பாட்டைப் பாடறீங்க. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கறாளே ஒருத்தி, அந்தக் கடையில போய்க் கேளுங்க. அவ சரக்கு பூராவும் வெயில்லதான் கிடக்குது."

தார்ப்பாய்க் கடைக்காரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊசியை வாயில் கடித்தபடியே நிமிர்ந்தாள்.

"நல்லா பாரம் தாங்கற கயிறா வேணும்மா."

"என்னண்ணே தொங்கப்போகுது?"

"ஒரு கம்பி. ரெண்டு கிலோ இருக்கும்."

அவள் ஊசியை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு கிலோவுக்கு லாரியை இழுக்கற கயிறா? பாரத்தை விடுங்க. தினமும் எத்தனை மணி நேரம் வெயில்ல கிடக்கும்? எங்கேயாவது உரசுமா? அதைச் சொல்லுங்க."

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. லிஃப்ட் கயிற்றுக்கு வெயில் எங்கே படப்போகிறது? அவள் அவரைத் தெருவுக்கு அழைத்துவந்து கடைப் பலகையைக் காட்டினாள். பலகையின் எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அதைத் தாங்கிய கயிறு மட்டும் கருகருவென்று இருந்தது.

"பாலியஸ்டர் பின்னல் கயிறு. ஒம்பது வருஷமா தொங்குது. கருப்பாப் பார்த்து வாங்கணும், வெயிலை உள்ளே விடாது. மழையில நீளாது. தொட்டுப் பாருங்க."

தொட்டார். பொடி உதிரவில்லை. இருபது மீட்டர் வெட்டி, முனை பிரியாமலிருக்க நெருப்பில் காட்டி உருக்கிக் கொடுத்தாள்.

அன்று மாலையே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். சும்மாவா கட்டினார்? லிஃப்ட்காரர் இல்லையா, வீணைத் தந்திபோல விறைப்பாக இழுத்து, முடிச்சுக்குமேல் முடிச்சு போட்டு, கீழே இறங்கி நின்று ரசித்தார். வியாழக்கிழமை காற்று வந்தது. மரம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கருப்புக் கயிற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. செப்புக் கம்பிதான் நடுவில் பட்டென்று அறுந்து செக்ரட்டரியின் கார்மேல் சுருண்டு விழுந்தது.

அவர் மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கயிறு அறுந்தால் கம்பி விழுகிறது, கயிறு அறுந்துபோகாவிட்டால் கம்பியே அறுந்துபோகிறது. என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்! அங்கே ஒருவன் தொண்டையில் கட்டோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்காக விரலைப் பழக்கிக்கொண்டிருப்பான். ஒரு தடவை கூப்பிடுவான். இங்கிருந்து சத்தமே வராது. அதோடு சரி, அவன் பேச்சு நிஜமாகவே போய்விடும். அதை நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மாடி ஆபீஸ் ஒன்றில் வேலை. லிஃப்ட் மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறதாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லிஃப்ட்டை மேலே அனுப்பிவிட்டு இருட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஏற ஏற, அதன் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்ப்பக்கத்து எடைக்கட்டு நிதானமாகக் கீழே இறங்கிவந்து அவர் மூக்குக்கு நேராகப் போயிற்று. கயிறு ஒரே இழுவையில் நின்றது. தொய்யவுமில்லை, விறைக்கவுமில்லை.

அவர் தன் நெற்றியில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார். "அட மடையா!" என்று கத்தியது ஐந்தாவது மாடிவரை கேட்டிருக்கும். லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த பெண்மணி பயந்துபோய்ப் படியில் இறங்க ஆரம்பித்தார். இவருக்கு எங்கே அதெல்லாம் கண்ணில் பட்டது! இருபத்தாறு வருஷமாகத் தினமும் எண்ணெய் போடுகிற சாமான். சொந்த வீட்டு மரத்துக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லையே!

சனிக்கிழமை முழுக்க வேலை. அறுந்த கம்பியை முறுக்கிப் பற்றவைத்தார். மரத்தில் அகலமான துணிப்பட்டை சுற்றி, அதில் ஒரு கப்பியை மாட்டினார். கருப்புக் கயிற்றைக் கப்பியின்மேல் போட்டு, தொங்குகிற முனையில் மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியைக் கட்டினார். மரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் வாளி ஏறும், இந்தப் பக்கம் வந்தால் இறங்கும். கம்பிக்கு எப்போதும் அதே வாளி எடைதான். "யார் தலையிலயாவது விழுந்தா?" என்று செக்ரட்டரி கேட்டார். வாளிக்குக் கீழே ஆள் போகாதபடி பூந்தொட்டிகளைச் சுற்றி அடுக்கியது மனைவி. அவர் கார்மேல் விழுந்த கீறலுக்கு அவளே மன்னிப்பும் கேட்டுவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றோ காற்று. வேண்டுமென்றே வந்ததுபோல் வீசியது. ஆறு மணிக்கே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி ஜன்னலோரம் நின்று வாளிக்குக் காவல்.

"ஏறுது... இறங்குது. ஏறுது."

"சொல்லிட்டே இரு."

ஆறரை ஆயிற்று. வெறும் இரைச்சல். ஆறு முப்பத்திரண்டு. கம்பி பற்றவைத்த இடம் விட்டுப்போயிற்றோ? ஆறு முப்பத்தைந்து. "ஒருவேளை அவருக்கு முடியலையோ என்னவோ" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். "சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. நின்று, தயங்கி, தப்பாக ஒன்று தட்டி, திருத்தி, மறுபடி. முதலில், ரேடியோவில் பெயர்போல வழங்கும் இவருடைய அழைப்புக் குறி. பிறகு அவருடையது. அப்புறம் நீண்ட இடைவெளி. பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது. பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவர், எழுதி முடித்ததும் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னங்க? என்ன சொல்றாரு?"

தாளை அவள் பக்கம் தள்ளினார். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. 'கயிறு?'

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே திரும்பி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இருக்குங்க! ஆடுது, ஆனா இருக்கு! சொல்லுங்க அவருகிட்ட!" என்று கத்தினாள்.

'இருக்கு' என்று தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பெயிண்ட் வாளி கட்டியிருக்கேன். லிஃப்ட் மாதிரி' என்று சேர்த்துத் தட்டினார்.

புரியவில்லையோ, இவ்வளவு வேகமாகத் தட்டியிருக்கக்கூடாதோ என்று இவர் மறுபடி கட்டையில் கைவைக்கப் போனார்.

நாலு புள்ளி, இரண்டு புள்ளி. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நாலு புள்ளி, இரண்டு புள்ளி. சத்தியம் பண்ணிய மனிதர் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.