இரண்டு மேலே, ஒன்று பக்கத்தில்

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு தளம் மேலேறி ஒரு வீடு பக்கவாட்டில் நகரும். இல்லையென்றால் இரண்டு வீடு நகர்ந்து ஒரு தளம் இறங்கும். நேராகப் போகாது. கீழ்த்தளத்தோடு சேர்த்து எட்டுத் தளம், தளத்துக்கு எட்டு வீடு. சுவர்களில் ஒரு கீறல்கூட விழவில்லை. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகவும் ஆறு தாவலுக்கு மேல் ஆனதில்லை. குடியிருந்தவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினார்கள்.

காரணம், மூன்றாம் மாடி ஐந்தாம் வீட்டில் நாத்தனாரோடு குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக். முன்பு அவள் ஓர் அலுவலகத்தில் செஸ் ஆடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தை மூடிய அன்று மேலாளர், இனி அது எதிலும் ஓடாது என்றார். அந்தப் பேச்சு அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆறு வருடங்களில் அதைப் பழைய போனில் ஓட வைத்தாள், கால்குலேட்டரில் ஓட வைத்தாள், வாஷிங் மெஷினிலும் ஓட வைத்தாள். ராணியை இழந்த நாட்களில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடாது.

"அண்ணி, என் துணி காலையிலேர்ந்து ஊறுது," என்பாள் நாத்தனார். அவள் டெய்லர், துணி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். "உங்க மெஷின் இன்னும் யோசிக்குதா, இல்ல மூச்சு நின்னுடுச்சா?"

"யோசிக்குது. நீ போய் உன் மெஷினைப் பாரு."

ஒவ்வொரு கருவியின் நினைவகமும் முந்தையதைவிடச் சின்னது. போனுக்காகக் காய்களின் படங்களை வெட்டினாள், கால்குலேட்டருக்காக வாழ்த்துச் செய்திகளை. லிஃப்டின் சர்க்யூட் போர்டில் இடம் அதைவிடக் குறைவு. எவ்வளவு சுருக்கியும் பதினோரு வரி வெளியே நின்றது. கடைசியில், தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடிக்கிற பதினோரு வரிகளை எடுத்துவிட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை லிஃப்ட் செஸ் குதிரைபோலப் பக்கவாட்டில் போனது.

அந்த வருடமே உரிமையாளர் கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்ட முடிவு செய்தார். பள்ளியில் செஸ்ஸுக்குக் கோப்பை வாங்கியவர், பொறுமைசாலி. முதலில் மாடிப்படிகளைப் பெயர்த்தெடுத்தார். லிஃப்டும் நின்றுவிட்டால் அறுபத்து நான்கு குடும்பமும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரே ஒரு வரி எழுதும்மா. லிஃப்ட் கீழ வந்து நிக்கணும், அவ்வளவுதான்."

"இடம் இல்ல சார்."

"ஒரு வரிக்குக்கூடவா?"

"ஏற்கெனவே குடியிருக்கிறதை நான் எங்க அனுப்புறது?"

அவளுக்கு வேலை போனது. உரிமையாளர் மின்சாரத்தைத் துண்டித்தார், லிஃப்ட் ஓடியது. மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றினார், ஓடியது. கம்பி வடத்தை அறுத்தார். முன்பைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. கடைசியில் அறுபத்து நான்கு நோட்டீஸ்களை அடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால்தான் செல்லும் என்பதால், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்து முதல் வீட்டு வாசலில் தானே ஏறினார். லிஃப்ட் அவரை ஒரு வாசலையும் விடாமல், எந்த வாசலுக்கும் இரண்டாம் முறை போகாமல் சுற்றிக்காட்டியது. கதவு திறந்த இடத்திலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஒருத்தர் கையில் குழந்தை, ஒருத்தர் கையெல்லாம் சோப்பு நுரை, மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அறுபத்து மூன்று தாவலுக்குப் பிறகு, நாலரை மணிக்கு, கதவு மூன்றாம் மாடி ஐந்தாம் வீட்டில் திறந்தபோது நோட்டீஸ்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"இதான் சார் கடைசி வீடு," என்றாள் நாத்தனார். "இனி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தண்ணி வேணுமா?"

"நிறுத்தச் சொல்லும்மா," என்றார் அவர், மெக்கானிக்கிடம்.

"அதுக்குத் தோத்துட்டேன்னு சொல்லத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, ஆட்டத்தில் தோற்றவர் ராஜாவைச் சாய்ப்பதுபோல லிஃப்டின் தரையில் படுக்க வைத்தார். இரண்டே தாவலில் கீழ்த்தளம் வந்தது.

கட்டடம் இப்போதும் நிற்கிறது. மாடிப்படியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வாளர் படிவத்தில் மோட்டார், வடம், மின்சாரம் மூன்றுக்கும் 'இல்லை' என்று எழுதுகிறார். போகும் திசை என்ற இடத்தில் 'இரண்டு மேலே, ஒன்று பக்கத்தில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறாம் மாடியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் பொத்தானை அழுத்துகிறார்.