ஒற்றை இருக்கை

"பிடிச்சுக்கோக்கா, விட்டுடாத," என்றான் தேச்சா வண்டிக்கு அடியிலிருந்து. பிரானி ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கையை நுழைத்து விசிறியைப் பிடித்துக்கொண்டாள். கடைசி நட்டு கழன்றதும் அது முழு எடையோடு அவள் கையில் இறங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால், இறக்கைகளுக்கு இடையில் வாத்து இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இருபது வருடமாக அந்த பிக்கப் வண்டி வாத்து சுமந்தது. அறுவடை முடிந்த வயல் எங்கே இருக்கிறதோ அங்கே அப்பா வாத்துகளை ஏற்றிப் போய் மேயவிடுவார். குலுங்கினால் முட்டை நின்றுவிடும் என்று சைக்கிள்காரன்கூட முந்திப் போகும் வேகத்தில்தான் ஓட்டுவார். அப்படிப்பட்ட வண்டிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயம். தேச்சாவுக்கும் அதுதான் முதல் பந்தயம். நேர்கோட்டில் நானூறு மீட்டர், அவ்வளவுதான்.

எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டு, பக்கத்து சீட்டு, ஏசி, மாற்றுச் சக்கரம், பின்பக்கக் கண்ணாடி, பின்கதவு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தான். ஓட்டுகிறவன் உட்கார ஓர் இருக்கை மட்டும் மிச்சம். பக்கவாதம் வந்து விழுவதற்கு முன்பு அப்பா கொட்டகை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நீ பயப்படாத. இந்த நாத்தத்துக்கு எவனும் உன் பக்கத்துலயே வரமாட்டான்," என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

"விசிறி இல்லாம எஞ்சின் வெந்துடாதாடா?"

"பத்து பன்னெண்டு செகண்டு ஓட்டத்துக்கு எதுக்குக்கா விசிறி? அது வேற சும்மா சுத்திக்கிட்டு எஞ்சின் தெம்பத் திங்கும்."

அத்தை சங்வியன் வெற்றிலையை மென்றபடி கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அம்மா போன பிறகு இந்த இரண்டையும் வளர்த்தவள். முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டியைக் காக்கும் தாய்க்கென்று கட்டியிருந்த வண்ணத் துணிகளையும் மாலையையும்கூட அவன் அவிழ்த்துவிட்டான் என்பதில் அவளுக்கு ஏகக் கோபம்.

"வண்டித் தாய்க்கு உக்கார எடம் வெச்சியாடா?"

"என் மடியில உக்காரட்டும் அத்தை. எடை கம்மியா இருந்தா சரி."

"வாய் கொழுப்பு. அப்பன் ஆஸ்பத்திரியில கெடக்கான், புள்ளைக்குப் பேச்சப் பாரு."

அப்போதுதான் பிரானியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நேற்றே பேசி முடித்திருந்தார்கள். மதியம் ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த வண்டி இப்போது ஒரு விபத்துக் கேஸை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போய்விட்டதாம். சாயங்காலம்தான் திரும்பும். "சாயங்காலம் வரைக்கும் உங்கப்பா தாங்க மாட்டார்மா. நாடி எறங்கிட்டே இருக்கு. வேற வண்டி இருந்தா ஒடனே வாங்க."

வேறு வண்டிக்கு எங்கே போவது? ஊர்த்தலைவர் மகன் பிக்குவாகிறான் என்று ஊரே அத்தனை வண்டிகளிலும் ஏறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருந்தது. நடமாட முடியாத கிழடுகளும் நாய்களும்தான் மிச்சம். தேச்சா வண்டிக்கு அடியிலிருந்து வந்து விசிறியைப் பார்த்தான், மேற்கே கறுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தான்.

"திரும்ப மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். பெல்ட்டயும் அறுத்துட்டேன். ஓடிக்கிட்டே இருந்தா காத்து பட்டு சமாளிக்கும். நடுவுல நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

புறப்படும்போது அத்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சோட கொண்டாங்க. அவன் பொண்டாட்டி செத்த ரூம்லதான் சாகணும்னு நேத்து வந்த ஆசை இல்ல அவனுக்கு. பாய் விரிச்சு வெச்சிருக்கேன். ஆனா வழியில போயிட்டா வீட்டுப் பக்கம் திருப்பாதீங்க. நேரா விகாரைக்குப் போயிடுங்க. வெளிய செத்தவன் வீட்டுக்குள்ள வந்தா தனியாப் போகமாட்டான். கூட ஒருத்தரக் கூட்டிக்கிட்டுத்தான் போவான்." சொல்லும்போது அவள் பார்வை தேச்சாவின் மேல் இருந்தது.

வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். நெடுஞ்சாலையில் லாரி அடித்துச் செத்த தன் புருஷனின் சவப்பெட்டியையே வாசலில் மறித்து நின்று விகாரைக்குத் திருப்பிவிட்டவள். அவர் கட்டிய வீடு அது. இப்போதும் சிலர் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அவள் பதில் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை மெத்தையோடு தூக்கி வண்டியின் பின்புறம் கிடத்தினார்கள். பின்கதவு இல்லாததால் குறுக்கே கயிறு கட்ட வேண்டியிருந்தது. தொண்டைக்குள் போன குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. நர்ஸ் அதைப் பிரானியின் வலது கையில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

"அழுத்து, விடு. உன் மூச்சு மாதிரியே. இடது கை விரல இங்க கழுத்துல வெச்சுக்க, நாடி தெரியும். வீட்டுக்குப் போய் எல்லாரும் பாத்ததும் கொழாய எடுத்துடலாம். உங்க ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ வரச் சொல்லியிருக்கேன்."

அப்பாவின் தலை அவள் மடியில் கனத்தது. அவள் அழுத்தினால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. ஒரு மனிதரின் மூச்சைக் கையில் வைத்திருப்பது இவ்வளவு சின்ன வேலையா என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணாடி இல்லாத சதுரத்தின் வழியே தேச்சாவின் பின்னங்கழுத்து தெரிந்தது. வியர்த்துக்கொண்டிருந்தது.

பந்தயத்துக்குச் செய்த கிளட்ச், வண்டியைக் கன்றுக்குட்டியாய்த் துள்ளவைத்தது. ஒவ்வொரு கியருக்கும் தேச்சா பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுப்பா, மன்னிச்சிடுப்பா," என்றான். நேர்ச்சாலைக்கு வந்ததும் வண்டி நிதானப்பட்டது. இரண்டு பக்கமும் அறுத்த வயல். மேகம் அதன்மேல் படிந்து, பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றே இல்லை.

"சூட்டு முள் எங்கடா நிக்குது?"

"மேலதான். ஓடிட்டிருந்தா போதும்."

பாதி வழி தாண்டியிருப்பார்கள். தேச்சா பிரேக்கை மிதித்தான். பிரானி ஒரு கையால் அப்பாவின் தலையை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சாலை முழுக்க வாத்து. ஒரு வயலிலிருந்து கால்வாய்க் கரை ஏறி எதிர் வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது மந்தை. முனையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

"ஒதுக்குய்யா! ஆஸ்பத்திரி கேஸு!" தேச்சா ஹார்னை அடித்துக் கத்தினான்.

"ஹார்ன் அடிக்காதப்பா, மெரண்டா திரும்பி உன் மேலயே வரும்," என்றபடி மூங்கில் கழியோடு வாத்துக்காரர் ஓடிவந்தார். வந்தவர் வண்டியின் நிறத்தைப் பார்த்து நின்றார். "புன்மா அண்ணன் வண்டியாச்சே இது?" பின்பக்கம் எட்டி அப்பாவைப் பார்த்ததும் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வாத்துகளை இரண்டாகப் பிரிக்க ஓடினார். சாகிறவனைச் சுமந்த வண்டி என்று வாத்துக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

முன்னால் குழாய் வெடித்த சத்தம் மாதிரி ஒன்று. பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது. தேச்சா குதித்து இறங்கி, கிடைத்த வாளியோடு கால்வாய்க்கு ஓடினான். பிரானி அழுத்தினாள், விட்டாள். சுற்றிலும் வாத்துகளின் இரைச்சல். அதற்கு நடுவில் அவளுடைய இடது கை விரலுக்குக் கீழே நாடி ஒருமுறை தட்டியது. கொஞ்சம் கழித்து இன்னொருமுறை. அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். விரலை நகர்த்திப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். அடுத்தது வரவில்லை.

அவள் கத்தவில்லை. வலது கை பையை அழுத்தியது, நெஞ்சு ஏறியது. விட்டது, இறங்கியது. பார்க்கிறவர்களுக்கு அப்பா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கக் காத்திருந்து, கையைச் சுட்டுக்கொண்டு தேச்சா பின்னால் வந்தான். "எப்படிக்கா இருக்கார்?"

"இருக்கார். வண்டிய எடு."

அவன் அப்பாவின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய் உட்கார்ந்தான். வாத்துக்காரர் ஒதுக்கிவைத்த சந்து வழியே வண்டி நகர்ந்தது.

கால்வாய்ப் பாலம் வந்தது. முன்னாலிருந்து தேச்சாவின் குரல் கேட்டது, மெதுவாக, யாரையும் பார்க்காமல். "அப்பா, பாலம் தாண்டுறோம்."

பிரானி நிமிர்ந்து அவன் பின்னங்கழுத்தைப் பார்த்தாள். செத்தவர்களைக் கொண்டுபோகும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். பாலத்தையும் திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போகாவிட்டால் ஆவி வழி தெரியாமல் நின்றுவிடும். உயிரோடு இருப்பவருக்கு யாரும் பாலத்தைச் சொல்வதில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் அவள் கை நிற்கவில்லை.

ஊர் எல்லையில் சாலை பிரியும். நேரே போனால் விகாரை, இடப்பக்கம் வீடு. நிற்கக் கூடாத வண்டியை அவன் நிறுத்தினான். எஞ்சினிலிருந்து கருகல் வாசனை வந்தது.

"எந்தப் பக்கம்க்கா?"

அவள் பையை அழுத்தினாள், விட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஓட்டப்போறது நான்தான்," என்றான். குரலில் குறை எதுவும் இல்லை. சொல்லி வைத்தான், அவ்வளவுதான். "அத்தை சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"உனக்கு நம்பிக்கை இருக்காடா அதுல?"

"தெரியல. உனக்கு?"

அவளுக்கு இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள், வாய் வரவில்லை. மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். மாதக்கணக்கில் வயல்வெளியில் வாத்துகளோடு படுத்துக் கிடந்துவிட்டு, ஒவ்வொருமுறையும் அந்த அறையில் வந்து ஒருநாள் தூங்கிவிட்டுப் போன மனிதர். தம்பியின் கழுத்தையும் பார்த்தாள். இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்களே என்று அவளுக்கு யார்மேலோ ஆத்திரமாக வந்தது.

"நான் சொல்லமாட்டேண்டா. என்னால முடியாது."

முதல் கியர் விழுந்தது. பிறகு, "அப்பா, இடது பக்கம் திரும்புறோம்," என்று சொல்லிவிட்டு தேச்சா ஸ்டியரிங்கை வளைத்தான்.

வீட்டு வாசலில் ஊரில் மிச்சமிருந்த கிழவர்களும் இரண்டு மூன்று பெண்களும் கூடியிருந்தார்கள். மாடிப்படிக்குக் குறுக்கே அத்தை நின்றிருந்தாள். வண்டி நின்றதும் அவளேதான் முதலில் வந்தாள். கயிற்றை விலக்கி அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். கணுக்காலைத் தொட்டாள். முழங்கால் வரை கையைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டாள். பிரானி அழுத்தினாள், விட்டாள். அத்தையின் கண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பெட்டியையே திருப்பி அனுப்பியவளை ரப்பர் பையால் ஏமாற்ற முடியுமா?

"என்னம்மா, மூச்சு இருக்கா?" என்றார் பின்னாலிருந்த கிழவர் ஒருவர்.

அத்தை தேச்சாவைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து, சுட்டுக்கொண்ட கையை ஊதிக்கொண்டிருந்தான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? நெஞ்சு ஏறி எறங்குது பாரு," என்றாள் அத்தை. "வேடிக்க பாக்காம ஆளுக்கொரு பக்கம் தூக்குங்க. தலை முதல்ல. படி பாத்து."

அம்மா படுத்திருந்த அறையில் புதுப்பாய் விரித்திருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளூர்ப் பெண்தான். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தாள். "போயிட்டார்," என்று மட்டும் சொன்னாள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். பிரானியும் வாய்விட்டு அழுதாள். பையை வாங்கி வைத்த பிறகும் அவளுடைய வலது கை மூடித் திறந்துகொண்டே இருந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்தபோதுதான் அத்தை மேலே வரவே இல்லை என்பது தெரிந்தது. பிரானி இறங்கிப் போனாள். வண்டி வாசலிலேயே நின்றது, ஆவி இன்னும் அடங்கவில்லை. அத்தை அந்த ஒற்றை இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். தேச்சா கதவருகே நின்றான்.

"எறங்குங்க அத்தை. அப்பாவக் குளிப்பாட்டணும்," என்றாள் பிரானி.

"நீங்க குளிப்பாட்டுங்க."

"மொதல் தண்ணி நீங்கதான ஊத்தணும்?"

"அவனுக்கு வேண்டியத நான் செஞ்சாச்சு. இந்த சீட்டுல இனி நான்தான் இருப்பேன்."

"எத்தன நாளைக்கு? ஞாயித்துக்கெழம வரைக்குமா?" என்றான் தேச்சா.

அத்தை வெற்றிலையைத் துப்பினாள். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இல்லாத பின்பக்கம் வழியாகச் சாரல் அவள் முதுகில் அடித்தது. அவள் அசையவில்லை.

தேச்சா கொட்டகைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து வந்தான். அதைப் பின்சதுரத்தின் மேல் விரித்து, வெந்த கையால் ஒவ்வொரு மூலையாக இழுத்துக் கட்டினான். மூன்றாவது மூலை காற்றில் நழுவிக்கொண்டே இருந்தது. பிரானி போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.