நாலு மணிக்கு வந்து நின்ற வீடு

"சார், நிக்கிற எடத்த விட்டு அசையாதீங்க. நாலு மணிக்குள்ள என் வீடு கெளம்பி வந்து உங்க மூஞ்சிக்கு நேரா நிக்கும்."

கைப்பேசியில் சபாபதி இப்படிச் சொன்னபோது ராதாகிருஷ்ணன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு வெறுந்திடலின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார். மணி இரண்டே கால். கையில் ஒரு விண்ணப்பப் பாரம், பாரத்தில் ஒரு முகவரி, முகவரி காட்டிய இடத்தில் புல். வீடு இல்லை. வீடு இருந்ததற்கான செங்கல் துண்டுகூட இல்லை.

"வீடு எப்படிங்க வரும்?"

"ஓடி வரும் சார். ரோடு காலியா இருந்தா பறந்தே வரும். நாங்க இப்போ கிள்ளான்ல இருக்கோம்."

ராதாகிருஷ்ணன் அழைப்பைத் துண்டித்தார். அறுபத்தேழு வயதில் அவர் கேட்ட பொய்களை அடுக்கினால் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது கோபுரம் எழும்பும். அதற்கெல்லாம் மேலே கொடி நட வேண்டிய பொய் இது.

முப்பத்தாறு வருடம் நில அளவை அலுவலகத்தில் எல்லைக்கல் நட்டு ஓய்வு பெற்றவர் அவர். அவர் நட்ட கல்லை வெள்ளம் அசைத்ததில்லை, யானை முட்டியும் அசைந்ததில்லை. எதையும் கண்ணால் பார்த்து, டேப் பிடித்து அளந்த பிறகே நம்புவார். மணவறையில் மணப்பெண்ணின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தாலியைக் கையில் எடுத்தார் என்று பிரிக்பீல்ட்ஸில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் கலைவாணி கல்வி வாரியத்தின் தலைவி சீதாலெட்சுமி, வீடு பார்த்து வரும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார்.

வாரியம் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பட்டம் வாங்கும் வரை படிப்பும் விடுதியும் பார்த்துக்கொள்ளும். இந்த வருடம் பட்டியலின் உச்சியில் நின்றவள் தாமரை. பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. ராட்டினமும் மரக்குதிரையுமாக ஊர் ஊராகப் போகும் ஃபன்ஃபேர்க்காரர் சபாபதியின் மகள். விடுதி கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் அவளுக்குத் தலை சாய்க்க இடமில்லை. வீடு பார்த்த அறிக்கை இன்று ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும், பாரத்தில் எழுதிய முகவரியிலேயே பார்க்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெயருக்கு.

'முகவரியில் வீடு இல்லை' என்று சீதாலெட்சுமிக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு ராதாகிருஷ்ணன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது.

புல்லுக்குள் ஒளிந்திருந்த குழி. கறுப்புத் தண்ணீர். காலை இழுத்தார்; கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. மண் அதை உள்ளே இழுத்த விதம், சின்னக் குழந்தை பால் உறிஞ்சுவது போலிருந்தது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. விட்டாரா மனிதர்? சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து இறக்கினார். நாலடி. ஆறடி. பன்னிரண்டு அடியில் டேப் முடிந்தது, குழி முடியவில்லை.

"அங்கிள்! அதுல கைய விடாதீங்க லா!"

திடலோரத்தில், தொழிற்சாலை வாசலுக்கு எதிரே குடை விரித்து, ஐஸ் போட்ட பானம் விற்கும் தண்ணீர்க்கடை வைத்திருந்த பெண் கத்தினாள். மலர் என்று பெயர். ராதாகிருஷ்ணன் ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிப் போய் அவள் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன குழிம்மா அது?"

"ராட்டினத்தோட கால் குழி. நாலு இருக்கு. சபாபதி அண்ணே ஃபன்ஃபேர் இங்கதான் இருந்துச்சு, நாப்பது நாளு. ரெண்டு மாசம் ஆச்சு போயி."

"இப்போ திரும்பி வராராம்."

மலர் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்கயா? வரமாட்டாங்க அங்கிள்."

"ஏன்?"

"புடுங்குன குழியில ஒரு வருசத்துக்குள்ள திரும்ப கால் ஊனக் கூடாது. அவங்க வழக்கம். ஊனுனா மண்ணு ஒரு ஆளக் கேக்குமாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சபாபதி அண்ணேக்கு ஒரு தம்பி இருந்தாரு, அழகிரின்னு. ஒரு தடவ கோயில் திருவிழா தள்ளிப் போச்சுன்னு பழைய திடலுக்கே திரும்பிப் போனாங்க. கடைசி ஆணி அடிக்கிறப்போ மேலேருந்து விழுந்துட்டாரு. காத்தே இல்லையாம் அன்னிக்கு."

"பெல்ட் போட்டிருக்க மாட்டாரு."

"போட்டிருந்தாரு அங்கிள். பெல்ட்டு மேலயே தொங்குச்சு. பூட்டு போட்டபடி."

ராதாகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

மூன்று மணிக்கு வானம் இறங்கத் தொடங்கியது. கிள்ளான் பக்கத்திலிருந்து மேகம் வந்த வேகத்தைப் பார்த்தால் யாரோ பின்னால் நின்று தள்ளுவது போலிருந்தது. மலர் கடையைச் சுற்றிப் படுத்திருந்த நாலு நாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, திடலைச் சுற்றிக்கொண்டு, சாலையோரமாகப் போயின. ஒன்றுகூடக் குறுக்கே போகவில்லை. மூன்றரைக்குத் தொழிற்சாலையில் மின்சாரம் போனது. இருபத்து நாலு மணி நேரமும் இரையும் இயந்திரங்கள் நின்றதும், திடலில் வேறொரு சத்தம் கேட்டது. குழிகளில் தண்ணீர் மெதுவாகக் கொப்பளிக்கும் சத்தம்.

"மீத்தேன் வாயு," என்றார் ராதாகிருஷ்ணன். யாரும் கேட்கவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஹாரன் கேட்டது.

சாலை வளைவில் முதல் லோரி தலை காட்டியது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. எட்டு லோரி, அறுபத்தாறு சக்கரம். ஒன்றின் முதுகில் மரக்குதிரைகள், ஒன்றில் பேய்வீட்டின் பல்லிளிக்கும் முகப்பு, ஒன்றில் எட்டாக மடித்த ராட்டினம். நடு லோரியில் ஜன்னல் வைத்த தகரப் பெட்டி. ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் துளசித்தொட்டி, கொடியில் காயப்போட்ட கைலி. கதவுக்கு மேலே எண்கூட இருந்தது, ஏழு என்று. பாரத்திலும் ஏழுதான்.

அந்தப் பெட்டி திடலுக்குள் உருண்டு வந்து, ராதாகிருஷ்ணனின் மூக்குக்கு ஒன்றரை அடி தள்ளி நின்றது. மணி நாலு. பிந்தவுமில்லை, முந்தவுமில்லை.

"சொன்னேன்ல சார்?" சபாபதி ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்தார். மீசை இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையில் சிரித்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை. அது நாலு குழிகளையும் எண்ணிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் தாமரைதான் என்று தெரிந்தது. கையில் ஓர் உறை. சான்றிதழ்கள்.

"மன்னிச்சிருங்க அங்கிள். தப்பு என்மேலதான். நிரந்தர முகவரின்னு கேட்டிருந்தாங்க. நாங்க எங்கயும் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்ததில்ல. இங்கதான் நாப்பது நாள் இருந்தோம். அதான் இதையே எழுதிட்டேன்."

நாற்பது நாள் நிரந்தரம்! எல்லைக்கல் மனிதருக்கு மார்பில் ஒரு குத்து. பதிமூன்று வருடத்தில் பத்தொன்பது பள்ளிக்கூடம் மாறி, கடைசிப் பரீட்சையை எந்தப் பள்ளியிலும் சேராமல் தனியாளாக எழுதி, ராட்டினத்தின் டிக்கெட் கூண்டிலேயே படித்த பெண் இவள். கூண்டின் தகரச் சுவரில் ஆணியால் கீறிய சமன்பாடுகளைச் சபாபதி பெருமையாகக் காட்டினார். ராதாகிருஷ்ணன் படுக்கையைப் பார்த்தார், படிக்கும் இடத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் அளந்தார், பாரத்தின் கட்டங்களில் கோடு போட்டார். ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது.

'அடுப்பு எரிவதை நேரில் பார்த்தேன்.'

முன்பு ஒருவர் பூட்டிக் கிடந்த யாரோ வீட்டைத் தன் வீடென்று காட்டி ஏமாற்றிவிட்டதால் வாரியம் சேர்த்த கட்டம் அது.

"அடுப்பப் பத்த வைங்கம்மா. அவ்ளோதான்."

சபாபதியின் மனைவி பவுனம்மாள் வாசலில் நின்றிருந்தார். அவர் கணவனைத்தான் பார்த்தார். சபாபதி தலை குனிந்துகொண்டார்.

"ராட்டினம் நிக்காம எங்க அடுப்பு எரியாது சார்," என்றார் பவுனம்மாள். "நின்னாத்தான் வீடு. அதுவரைக்கும் இது வெறும் லோரி."

"அம்மா, ஒரு தடவ பத்த வெச்சுட்டு அணைச்சிடு," என்றாள் தாமரை.

"ராட்டினம் நிக்காமப் பத்த வெச்சா, இது வீடு இல்ல, லோரிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?"

"புதுசா வேற எடத்துல குழி வெட்டலாமே?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"சுத்திலும் சேறு சார். ராட்டினம் தாங்காது. அந்த நாலு குழியிலதான் நாலடிக்குக் கீழ கல்லு போட்டு இறுக்கியிருக்கு," என்றார் சபாபதி.

ராதாகிருஷ்ணன் சட்டைப்பையில் இருந்த பன்னிரண்டு அடி டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"வேணாம்மா," என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். "அடுப்பு வேணாம். நான் கோடு போட்டுக்கறேன்."

"பாக்காததப் பாத்தேன்னு எழுதுவீங்களா?" என்றார் பவுனம்மாள்.

அவர் பேனாவைக் கட்டத்துக்கு மேல் பிடித்தார். முப்பத்தாறு வருடம் ஒரு பொய் அளவு எழுதாத கை, கல்லாய்ச் சமைந்து நின்றது. பவுனம்மாள் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார்.

"எறக்குங்க ராட்டினத்த."

"வேணாம்மா! நான் படிக்கவே போகல, விடு!" தாமரை அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. பத்தொம்போது பள்ளிக்கூடத்துலயும் உன் பேர வெட்டிட்டுக் கெளம்புனது நானு. இருபதாவதுல வெட்ட மாட்டேன்."

மூன்று மணி நேர வேலை. அன்று நாற்பது நிமிடத்தில் முடிந்தது என்றால் எட்டு லோரியிலிருந்தும் இறங்கிய முப்பத்தொரு பேருக்கும் அன்றைக்கு ஆளுக்கு ஆறு கை முளைத்திருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. சாதாரணமாகப் பாட்டும் ஏச்சுமாக நடக்கும் வேலையாம். அன்று இரும்பு மட்டும் பேசியது. மேகம் ராட்டினத்தின் உச்சியைத் தொட்டுவிடும் போல் தொங்கியது. முதல் கால் இறங்கியது, கல்லில் முட்டி நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதும்.

நாலாவது, ராதாகிருஷ்ணன் கால் விட்ட குழி.

பவுனம்மாள் எல்லாரையும் விலகச் சொன்னார். தான் மட்டும் போய் அந்த இரும்புக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கேக்கறதுன்னா என்னைக் கேளு," என்று குழிக்குள் பார்த்துச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல. கால் இறங்கியது. நாலடி. நிற்கவில்லை. ஐந்தடி. ராட்டினம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எட்டு இருக்கைகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. தாமரை கண்ணை மூடிக்கொண்டாள். ஆறடி.

டொக்.

நின்றுவிட்டது. சபாபதி ஓடிப் போய் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். நாலு காலும் ஒரே மட்டம்; மயிரிழை பிசகில்லை. ஒரு கால் ஆறடியிலும் மற்றவை நாலடியிலும் இருக்க, மட்டம் எப்படி வந்தது என்று நில அளவைக்காரர் தன் வாழ்நாள் முழுக்க யோசித்தாலும் விடை கிடைக்காது.

சபாபதி ஆட்களை எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றுதான். பவுனம்மாள் குழியிலிருந்து நிமிர்ந்தார். அவர் பார்வை ஒவ்வொருவர் முகமாகப் போய், கடைசியில் ராதாகிருஷ்ணனின் இடது காலில் வந்து நின்றது. சேறு காய்ந்த வெறுங்கால்.

"சார், உங்க சப்பாத்து எங்க?"

"அதுக்குள்ள… மத்தியானமே."

சபாபதி எண்ணிக்கொண்டிருந்த விரலை மடக்கினார். பவுனம்மாள் குழியையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இனி வராதீங்க சார்," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

நீலச் சுடர். ராதாகிருஷ்ணன் கண்ணால் பார்த்தார். கோடு போட்டார், கையெழுத்திட்டார், பாரத்தைப் படமெடுத்து அனுப்பினார். நாலு ஐம்பத்து மூன்று.

அனுப்பிய அந்த நிமிடத்தில் ராட்டினம் சுற்றியது. இயந்திரத்துக்கு இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை. காற்று, மலர் கடைக் குடையின் விளிம்பைக்கூட அசைக்கவில்லை. ஒரே ஒரு முழுச்சுற்று, நிதானமாக. சிவப்பு இருக்கை ஒன்று கீழே வந்து அவருக்கு நேராக நின்று, கம்பியைத் தானே திறந்துகொண்டு, காத்திருந்தது.

ராதாகிருஷ்ணன் பின்னால் நகர்ந்தார். இந்தத் தடவை காலடியைப் பார்த்துப் பார்த்து.

கைப்பேசி அலறியது. சீதாலெட்சுமி. குழு கூடிவிட்டதாம், பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"ராதாகிருஷ்ணன், என்ன வெளையாடறீங்களா? ரெண்டே காலுக்கு வீடு இல்லன்னு மெசேஜ். இப்போ அடுப்பு எரியுதுன்னு பாரம். எத நாங்க நம்பறது? ஒரே வார்த்தையில சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கு வீடு இருக்கா இல்லையா?"

தாமரை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு இருக்கை லேசாக ஆடியது. அவருடைய இடது பாதம், கணுக்கால் வரை, ஐஸில் வைத்தது போல் குளிர்ந்துகொண்டே போனது.

"இருக்கு மேடம்," என்றார்.

"அப்போ ரெண்டே காலுக்கு?"

"இல்ல. நாலு மணிக்கு வந்துச்சு." அவர் சிவப்பு இருக்கைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "சபாபதி சொன்னப்போ நான்தான் நம்பல. வீடு தானா வந்துச்சு மேடம். என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு."