சட்டகத்துக்கு வெளியே ஒரு கயிறு

1

படப்பிடிப்புத் தளத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத, எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: கேமராவின் சட்டகத்துக்குள் விழாத எதையும் யாரும் பார்க்கவில்லை. இயக்குநர் திட்டினால் பார்க்கவில்லை. நாயகன் மூலையில் அழுதால் பார்க்கவில்லை. ஒருவர் உயரத்திலிருந்து…

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். சற்றுப் பொறுத்தால் அதுவே முடிந்துகொள்ளும்.)

கதை பிறந்த விதத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். குற்றத்தைத் தற்செயலாகப் பார்த்துவிடும் குழந்தைகளைப் பற்றிய குடும்பப் படங்கள் என் ஆய்வுப்பொருள். 'இவ்வகைப் படங்களில், பெரியவர்கள் குழந்தையை நம்ப மறுப்பதே கதையை நகர்த்தும் விசை' என்று மூன்றாம் இயலில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தேன். அப்படியொரு படத்தில் என் அக்கா ஆடைப் பிரிவில் வேலை பார்த்தாள். சாட்சிச் சிறுமியாக நடித்தவள் அவளுடைய மகள். அடிக்கோடிட்ட என் வாக்கியத்தை இருவரும் சேர்ந்து உடைத்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான். பெருமையை மறைத்து நடுநிலையோடு எழுத முயன்ற வரைவு குப்பைக்குப் போயிற்று.

2

அந்த வரைவு இப்படித் தொடங்கியது: 'முறுக்கு மீசைக்காரரான தயாரிப்பு நிர்வாகி, கொடூரமாகச் சிரித்தபடி…'

இல்லை. நிர்வாகிக்கு மீசையே கிடையாது. என் அக்கா மகளுக்குத் தினமும் பிஸ்கட் வாங்கித் தருகிறவர். கெட்டவரைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிவது படங்களுக்குக் கிடைத்த வசதி. எனக்கு அது கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். நீதிமன்ற அரங்கு. உச்சியில், குறுக்குப் பலகையில், விளக்கைப் பிடித்தபடி விளக்குக்காரர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு. கீழே சிறுமியின் சட்டையில் ஒரு பித்தான் தெறித்துவிட்டது. கழற்றித் தைக்க நேரமில்லாததால், போட்டிருந்தபடியே அக்கா தைத்தாள்.

"ஆடாதடி, ஊசி குத்திடும்."

"அப்ப நான் எங்கம்மா பாக்குறது?"

"மேல பாரு."

மேலே பார்த்தாள்.

"கயிறு தொங்குது, ஃபிரேம்ல தெரியுதுங்க," என்றார் கேமராக்காரர்.

"அண்ணே, அவுத்துடுங்க. ஒரே ஒரு ஷாட்தான்," என்றார் நிர்வாகி.

விளக்குக்காரர் அவிழ்த்தார். ஷாட் அற்புதமாக வந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது பலகை சாய்ந்தது.

உயிர் பிழைத்தார், இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. "அவரேதான் கயிற அவுத்தாரு" என்றார் நிர்வாகி. அது நிலைத்துவிட்டால் சிகிச்சைச் செலவு பட நிறுவனத்தின் பொறுப்பல்ல. கவனக்குறைவானவர் என்று பெயர் வாங்கியவரை இனி எவரும் பலகையேற அழைக்கவும் மாட்டார்கள்.

3

என் ஆய்வின்படி, இப்போது குழந்தை உண்மையைச் சொல்ல வேண்டும். யாரும் நம்பக் கூடாது. அவள் சொன்னாள்.

"தெரியும்டா செல்லம். வாய அசைக்காத, மேக்கப் கலையும்," என்றார் ஒப்பனைக்காரர்.

"தெரியும் பாப்பா. நீ போய் விளையாடு," என்றார் வேன் ஓட்டுநர்.

எல்லோரும் நம்பினார்கள். நம்பிக்கையே இவ்வளவு பெரிய பூட்டாக இருக்கும் என்பதை மூன்றாம் இயல் எதிர்பார்க்கவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் அம்மாவைக் கேட்டாள்: "நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன். நாளைக்கும் அங்கதான் வேலைக்குப் போகணும். தூங்கு."

(இந்தப் பேருந்துக் காட்சி முதல் வரைவில் இல்லை. அதில் அக்கா ஊசியின் மேல் குனிந்திருக்கிறாள், எதையும் பார்க்கவில்லை. அவளிடம் அதை வாசித்துக் காட்டினேன்.

"என்னடா, என்னைக் குருடி ஆக்கி வச்சிருக்க?"

"கதைக்கு அம்மா பாக்காம இருந்தாத்தான்க்கா அழகு."

"அவுத்துடுங்கன்னு ஒருத்தர் கத்துனா நிமிர மாட்டேனா? எனக்குக் கழுத்து இல்லையா?"

தாய் கண்டும் பேசாதிருந்தாள் என எழுத அஞ்சி, என் இலக்கணம் அவள் தலையைக் குனிய வைத்திருந்தது. அவளோ அந்தச் சலுகை வேண்டாம் என்றாள். திருத்திவிட்டேன்.)

4

முடிவுகள் சில என் மேசைமேல் கிடக்கின்றன. ஒன்றில், சிறுமியைத் துரத்தும் அடியாட்களை ஒரு நாய் கடிக்கிறது. அந்த முடிவை அடித்துவிட்டேன், தளத்தில் நாய் இல்லை. இன்னொன்றில், இயக்குநர் மனம் மாறி… அதை எழுதும்போதே பேனாவுக்குச் சிரிப்பு வந்தது. மற்றொன்றில், குழந்தை ஒருத்தியே துணிந்து பேசி உலகைத் திருத்துகிறாள். குடும்பப் படங்கள் விரும்பும் முடிவு அது. பெரியவர்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போகலாம். அதற்கு நான் உடன்படவில்லை.

5

அடுத்த வாரம் தொழிலாளர் சங்கச் செயலாளர் தளத்துக்கு வந்தார். அதே நீதிமன்ற அரங்கு. அன்று சாட்சிக் காட்சி என்பதால், சிறுமி கூண்டுக்குள் நின்றாள்.

"கயித்த அவுக்கச் சொன்னது யாரு? யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

ஒப்பனைக்காரர் தூரிகையைத் துடைக்கத் தொடங்கினார், ஓட்டுநர் வேன் சாவியைத் தேடினார்.

"நான் பாத்தேன்," என்றாள் சிறுமி.

நிர்வாகி சிரித்தார். "சார், அது இன்னிக்கு அவ பேச வேண்டிய வசனம். பாப்பா ரிகர்சல் பாக்குது!"

தளமே சிரித்தது. தப்பித்தவர்களின் சிரிப்பு. செயலாளரும் புன்னகைத்துத் திரும்பினார். சிறுமி யாரையும் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள்.

வாசகரே, இதற்கு மேல் முடிவு என்னிடம் இல்லை. விளக்குக்காரருக்கு நீதி கிடைத்ததா என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே நின்ற கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்; ஒப்பனைக்காரருக்கு அடுத்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில். நீங்களும் பார்த்தீர்கள். அடுத்த வசனம் உங்களுடையதாக இருக்கலாம்.

அதற்கு முந்தைய ஒரு வசனம் மட்டும் என் அக்காவுடையது. கையிலிருந்த ஊசியைத் தன் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, கூண்டுக்கு அருகே போய் மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"அது வசனம் இல்லைங்க. நானும் பாத்தேன். அவுக்கச் சொன்னது இவருதான்."